"பெயின்ற் அடிக்கவா பிள்ளைகளை அனுப்புறம்?" என்று கேட்டவர்களுக்கு

 

போன வாரம் ஊர் வட்ஸ்அப் குழுவில் சுற்றிய குரல் பதிவை நாங்களும் கேட்டோம். பேசியவர் யாரென்று தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை, அவர் மீது கோபமும் இல்லை. "பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள விஞ்ஞானப் பாட நேரத்தில டெஸ்க்குக்குக் கீழ குந்தவச்சு துரு சுரண்ட விட்டிருக்காங்க. பெயின்ற் அடிக்கவா நாங்க பிள்ளைகள அனுப்புறம்? பாஸ் பேப்பர் செய்விங்க சேர்" என்பதுதான் அதன் சாரம். கீழே நாற்பது பேர் கைதட்டுகிற படம் போட்டிருந்தீர்கள். அதற்கு நேரில் பதில் சொன்னால் நாலு பேருக்குத்தான் கேட்கும். ஆகவே இங்கே எழுதுகிறோம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறோம். பாடத்திட்டத்தில் நாங்கள் இரண்டு கிழமை பின்னால் நிற்கிறோம். அது உண்மை. பின்னேர வகுப்பு வைத்து ஈடு செய்கிறோம், அதற்குக் காசும் வாங்கவில்லை. மற்றபடி அந்த இரண்டு கிழமைக்காக நாங்கள் வருத்தப்படவில்லை.

துருப்பிடித்தல் பாடம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மூன்று பரிசோதனைக் குழாய், மூன்று ஆணி. ஒன்றில் தண்ணீரும் வளியும். ஒன்றில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய்ப் படை. ஒன்றில் நீரற்ற கல்சியம் குளோரைட்டு. முதலாவது ஆணி மட்டும் துருப்பிடிக்கும். ஆகவே துருவுக்கு ஒட்சிசனும் நீரும் வேண்டும். இதைப் படமாகக் கீறி, பெயர் குறித்து, புள்ளி வாங்கியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். கல்வியியற் கல்லூரியில் பயிற்சிக்குப் போனபோதும் இதே படத்தை இன்னும் அழகாகக் கீறப் பழகினோம். அந்தக் குழாய்களை உண்மையில் வைத்து ஒரு கிழமை பார்த்தவர் எங்களில் எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொன்னால் வெட்கம்தான் மிஞ்சும்.

சென்ற தவணைப் பரீட்சையில் "துருப்பிடித்தலைத் தடுக்கும் மூன்று முறைகள் தருக" என்று ஒரு வினா வந்தது. பெயின்ற் பூசுதல், கிறீஸ் அல்லது எண்ணெய் பூசுதல், கல்வனைசுப்படுத்தல். வகுப்பில் ஏறக்குறைய எல்லோருக்கும் முழுப் புள்ளி. அந்த விடையை அவர்கள் எழுதிக்கொண்டிருந்த கதிரைகளின் கால்கள் அடியில் உளுத்து, தொட்டால் செதில் செதிலாக உதிர்கின்றன. பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளையின் கதிரை கால் மடிந்து சரிந்தது. பிள்ளைக்குப் பெரிய காயம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். முழங்காலில் ஒரு கீறலும் ஏற்புத்தடை ஊசி ஒன்றும். ஆனால் அன்றைக்கு மேற்பார்வை செய்துகொண்டிருந்த எங்களுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மூன்று முறையும் தெரிந்த முப்பத்து நாலு பிள்ளைகள். அதைத் தாங்களாகவே தங்கள் கதிரைக்குச் செய்யலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் நாங்கள் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால்தான் வெளியில் இறங்கினோம்.

வன்னியில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் துருவைக் கற்பிக்கப் படம் எதற்கு? ஏ9 வீதியில் போய்வந்த எல்லோரும் கிளிநொச்சியில் விழுத்தப்பட்டுக் கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்த்திருப்பீர்கள். போரின் கடைசிக் கட்டத்தில் விழுந்தது. ஆட்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். யார் விழுத்தினார்கள், ஏன் விழுத்தினார்கள் என்ற கதையை விட்டுவிட்டு ஒரு விஞ்ஞான ஆசிரியரின் கண்ணால் அதைப் பாருங்கள். உடைந்த கொங்கிரீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பி துருவேறிக் கிடந்தது. நல்ல கொங்கிரீட்டுக்கு உள்ளே இருக்கும் கம்பிக்கு அப்படி இலேசில் ஆகாது. கொங்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது, அதன் பிஎச் பெறுமானம் 12ஐத் தாண்டும். அந்தக் காரத்துக்குள் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டாகி அதைக் காக்கிறது. உப்பு உள்ளே போனால் அந்தப் படலம் உடையும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளும். கொங்கிரீட் வெடித்து உதிரும்.

கடற்கரை மண்ணைக் கழுவாமல் கலந்து தூண் எழுப்பினால் என்ன ஆகும் என்பதை இப்போது ஒரு பதினாறு வயதுப் பிள்ளை உங்களுக்குச் சொல்லும். "மண் மண்தானே, கிட்ட கிடக்குது, மலிவு" என்று சொல்லும் மேசனிடம் அந்தப் பிள்ளை கேள்வி கேட்கும். கம்பிக்கு வெளியே எத்தனை அங்குலம் கொங்கிரீட் மூடுகிறது என்று குனிந்து பார்க்கும். இதைப் பாஸ் பேப்பர் தராது.

எங்களில் பலருடைய குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் கையில் கிடைத்ததோடு இந்த மண்ணை விட்டுப் போனவை. புத்தளத்து முகாம்களில் கிடுகுக் கொட்டிலுக்குள் படித்து வளர்ந்தோம். திரும்பி வந்து காடு வெட்டியபோது, வீடு இருந்த இடம் என்று வாப்பாமார் காட்டிய இடத்தில் என்ன கிடந்தது? கிணற்றுக் கட்டு. கேற்றின் பிணைச்சல் ஒன்று, தொட்டதும் உதிர்ந்தது. சில வீட்டில் தையல் மெசினின் கால். இருபது வருடத்தில் இரும்பு என்ன ஆகும் என்பதை எங்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரத் தேவையில்லை. தமிழ் உறவுகளுக்கும் 2009க்குப் பிறகு வீடு பார்க்கப் போனபோது இதே கதைதான். முள்ளிவாய்க்காலில் குவிந்து கிடந்த சைக்கிள்களையும் பஸ்களையும் உழவு இயந்திரங்களையும் மழை தின்றதை அவர்கள் பார்த்தார்கள். இவ்வளவு துருவுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு, துருவைப் பரிசோதனைக் குழாய்க்குள் மட்டும் அடைத்துவைப்பது சரியா?

இன்னொன்று. 2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் தரைதட்டிய ஜோர்தான் கப்பல் 'ஃபாரா 3'ஐ மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரிசி ஏற்றிக்கொண்டு போனது. பல வருடம் கரையோரம் அப்படியே நின்றது. அந்தப் படத்தைக் காட்டி, "கப்பலின் எந்தப் பகுதி கூடுதலாகத் துருப்பிடிக்கும்?" என்று பிள்ளைகளைக் கேட்டோம். எல்லோரும் "அடிப்பகுதி சேர், எப்பவும் தண்ணிக்குள்ள" என்றார்கள். இல்லை. அலை அடித்து அடித்து நனைகிற இடம்தான். அங்கேதான் தண்ணீரும் உப்பும் வளியும் மூன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆழத்தில் ஒட்சிசன் குறைவு. ஒரு பிள்ளை உடனே எழும்பி, "அப்ப எங்கட டெஸ்க் கால் அடியில உளுக்கிறதும் அதாலதானா, நிலம் கழுவுற தண்ணி அடியில மட்டும் நின்று நின்று காயுது" என்றது. அந்த ஒரு கேள்விக்கு இரண்டு கிழமையும் கொடுக்கலாம்.

இந்தப் பாடம் பிழைத்துப்போன இடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இது எங்கள் பிழை.

ஆரம்பத்தில் நாங்கள் ஒரு ஒப்படை கொடுத்தோம்: "வீட்டில் அல்லது வளவில் துருப்பிடித்த பொருள் ஒன்றைக் கொண்டுவாருங்கள், எங்கே கிடந்தது, எவ்வளவு காலம் என்று எழுதுங்கள்." யோசிக்காமல் கொடுத்தோம். அடுத்த நாள் ஆணி, சங்கிலி, மண்வெட்டி, டின் மீன் டின் எல்லாம் வந்தன. ஒரு பையன் புத்தகப் பையிலிருந்து துணியில் சுற்றி ஒன்றை எடுத்தான். கையளவு. மண் ஒட்டி, செங்கல் நிறத்தில், பார்க்க வெறும் இரும்புக் கட்டி மாதிரி. வாலில் சிறகு மாதிரித் தகடுகள். வயல் ஓரம் துப்புரவு செய்தபோது கிடைத்ததாம். இரும்புக் கடைக்குப் போட வைத்திருந்ததாம். "இது நல்லா துருப்பிடிச்சிருக்கு சேர்" என்று சிரித்துக்கொண்டு சொன்னான்.

அந்த வகுப்பறையை எப்படி வெளியேற்றினோம் என்று கேட்காதீர்கள். குரல் நடுங்கினால் பிள்ளைகள் ஓடுவார்கள், ஓடினால் மேசை தட்டுப்படும். பொலிசுக்கு அறிவித்து, செயலிழக்கச் செய்பவர்கள் வந்து எடுத்துப்போகும் வரைக்கும் மைதானத்தின் அந்தப் பக்கத்தில் எல்லோரும் நின்றோம். அந்தப் பையனுடைய உம்மா வந்து எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து துருப் பாடத்தின் முதல் பாடவேளை ஆணியோடு தொடங்குவதில்லை. துரு என்றால் செத்துப்போன இரும்பு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஓடு துருப்பிடிக்கும், உள்ளே இருக்கும் வெடிமருந்து துருப்பிடிப்பதில்லை. மேலே பழசானது உள்ளேயும் பழுதாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பழசானால் இன்னும் ஆபத்தாகவும் ஆகலாம். இலங்கை 2017 டிசம்பரில்தான் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஹலோ ட்ரஸ்ட், மக் போன்ற நிறுவனங்களின் ஆட்கள், அதில் நம் ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள், வெயிலில் முழந்தாளில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தும், சின்னப் பையன்கள் இரும்பு பொறுக்கிக் கொண்டுவந்தால் நிறுத்துக் காசு கொடுக்கும் கடை நம் ஊரிலேயே நடக்கிறது. அவர்களை நாம் பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுகிறோம், கேட்பதில்லை. குரல் பதிவு போட வேண்டிய விசயம் அது.

இனி அந்தப் பெயின்ற் விசயம்.

பிள்ளைகளுக்குப் பெயின்ற் அடிக்கச் சொல்லிக்கொடுத்தது நாங்கள் இல்லை. வெல்டிங் வேலை செய்கிற ஒரு நானாவை வகுப்புக்கு அழைத்தோம். அவருடைய மகனும் அந்த வகுப்பில்தான். முதலில் கூச்சப்பட்டார். "நான் எட்டாம் ஆண்டோட நின்ட ஆள் சேர்" என்றார். பிறகு வயர் பிறஷைக் கையில் எடுத்ததும் ஆள் மாறிவிட்டார். துருவின் மேலே பெயின்ற் அடித்தால் அது உள்ளே தொடர்ந்து தின்னும், முதலில் வெள்ளை இரும்பு தெரியும் வரைக்கும் சுரண்டு, டின்னரில் துடை, சுரண்டிய அன்றே ரெட் ஒக்சைட் அடி, மழை ஈரத்தில் அடிக்காதே, காய்ந்த பிறகு மேல் பெயின்ற், வெல்டிங் பிடித்த மூட்டிலும் குழாயின் திறந்த வாயிலும்தான் முதலில் போகும், அங்கே இரண்டு தரம் அடி. அவர் ஒரு பாடவேளையில் சொன்னதில் பாதிகூட எங்கள் குறிப்பில் இருக்கவில்லை.

ஒரு பிள்ளை கேட்டது: "ரெட் ஒக்சைட் என்டா இரும்பு ஒட்சைட்டு தானே. துருவும் இரும்பு ஒட்சைட்டு. அப்ப துருவையே பூசித்தான் துருவத் தடுக்கிறமா?" நானா எங்களைப் பார்த்தார், நாங்கள் நானாவைப் பார்த்தோம். நல்ல கேள்வி. அந்தச் சிவப்புத் தூளும் இரும்பு ஒட்சைட்டுத்தான். ஆனால் பிசினோடு குழைந்து இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது, நீரையும் வளியையும் இலேசில் விடாது. துரு அப்படி ஒட்டாது, செதிலாக உதிர்ந்து புது இரும்பைத் திறந்துவிடும். அலுமினியமும் ஒட்சியேற்றம் அடைகிறது, ஆனால் அதன் ஒட்சைட்டு இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் சட்டி பல வருடம் இருக்கிறது. ஒரே வேதியியல்தான், ஒட்டிக்கொள்வதா உதிர்வதா என்பதில்தான் வித்தியாசம்.

"கூலி வேலை பழக்குறாங்க" என்று ஒரு பின்னூட்டம். அந்த நானாவின் மகன் அதே குழுவில் இருக்கும் தன் வாப்பாவின் போனில் அதை வாசித்திருக்கிறான். எழுதியவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த நாள் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்தின் பெயரே அல்ஹதீத், இரும்பு. தாவூத் நபி இரும்பில் வேலை செய்தவர் என்று மத்ரசாவில் சொல்லிக்கொடுக்கிறோம். மத்ரசாவில் சிறப்பாக இருந்த இரும்பு வேலை பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் கூலி வேலையாகிவிட்டதா?

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு சொல். ஹவுளில் குழாய்கள் ஏன் டெப் பூட்டும் மூட்டிலேயே வெடிக்கின்றன என்று ஒவ்வொரு றமழானிலும் கேட்கிறீர்கள். ஜிஐ குழாயில் பித்தளை டெப்பை நேராகப் பூட்டுகிறீர்கள். இரண்டு வேறு உலோகம், நடுவில் தண்ணீர், அது ஒரு சின்ன பெற்றரி. பித்தளை தப்பிக்கும், இரும்பும் அதன்மேல் பூசிய நாகமும் கரையும். இதைத்தான் பிள்ளைகள் ஏகார், பொற்றாசியம் பெரிசயனைட்டு, பினோத்தலீன் கலந்து ஆணிகளை வைத்துச் செய்து பார்த்தார்கள். செம்புக் கம்பி சுற்றிய ஆணியைச் சுற்றி நீலம் பிடித்தது, அது இரும்பு கரைகிற இடம். மக்னீசியம் நாடா சுற்றியதில் நீலமே இல்லை, இளஞ்சிவப்பு மட்டும். மக்னீசியம் தான் கரைந்து ஆணியைக் காப்பாற்றுகிறது. கல்வனைசுத் தகரம் கீறுப்பட்டாலும் உடனே துருப்பிடிக்காமல் நாகம் காப்பதும், டின் மீன் டின் கீறுப்பட்டதும் விரைவாகத் துருப்பிடிப்பதும் இதனால்தான். வெள்ளீயம் நாகத்தைப் போல் தன்னைக் கொடுப்பதில்லை.

பாடசாலைக்கு உதவும் சகோதரர்களே, உங்கள் தயவை மறக்கவில்லை. கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று உழைத்து அனுப்பும் காசு. ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். கதிரை தந்தீர்கள், கேற் தந்தீர்கள், விளையாட்டு முற்றத்துக்கு இரும்பு ஏணி தந்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் திறப்பு விழா, ரிபன், பெயர்ப் பலகை. மூன்றாம் மழையில் ஏணி துருப்பிடித்தது. பெயர் வெட்டிய கருங்கல் மட்டும் அப்படியே மினுங்குகிறது. ஒரு டின் பெயின்றுக்கு யாரும் திறப்பு விழா வைப்பதில்லை, அதனால் பெயின்றுக்குக் கேட்டால் யாரும் எடுப்பதும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், நம் மன்னாருக்கு நேரே, பாம்பன் பாலத்தை 1914இல் திறந்தார்கள். உப்புக் காற்றுக்கு நடுவில் நூறு வருடம் தாண்டி நின்றது. வலிய இரும்பால் மட்டும் நிற்கவில்லை. சுரண்டி, பூசி, துருத்தின்ற பாகத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஈஃபெல் கோபுரம் 1889இல் எழுந்தது, கிட்டத்தட்ட ஏழு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ற் அடிக்கிறார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் காசும் கொடுத்து ஒரு மின்வேதியியல் ஆய்வு நிலையத்தையே உண்டாக்கினார். அரிப்பு அங்கே முக்கியமான ஆய்வுத் துறை. அவர் கொடுத்ததும் கொடைதான்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 2016ஐ ஞாபகப்படுத்துகிறோம். போரால் பாதிக்கப்பட்ட வடக்குக் கிழக்குக்கு 65,000 வீடு, உருக்கினால் செய்து பூட்டும் வீடு, ஆர்செலர் மித்தல் என்ற பன்னாட்டு நிறுவனம் கட்டித்தரும் என்று அரசாங்கம் சொன்னது. ஒரு வீடு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய். கல் வீடு அதில் பாதிக் காசுக்குக் கட்டலாம் என்று பல்கலைக்கழகத்துப் பொறியியலாளர்கள் கணக்குக் காட்டினார்கள். வெக்கை, ஆயுட்காலம், துரு, பின்னால் ஒரு அறை கூட்டிக் கட்ட முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சுமந்திரன் எம்.பி வெளிப்படையாக எதிர்த்தார். கடைசியில் எண்ணிக்கை குறைந்து குறைந்து, சொன்னபடி அந்த 65,000 வரவே இல்லை. அப்போது நம் ஊரில் என்ன பேசிக்கொண்டோம்? "தாறத வாங்குவம், இல்லாட்டி அதுவும் கிடைக்காது." கொட்டிலுக்குள் இருந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், குற்றமில்லை. ஆனால் மாதிரி வீட்டைப் போய்ப் பார்த்து, "இந்த மூட்டில் என்ன பூசியிருக்கிறீர்கள், கடற்காற்றில் எத்தனை வருடம், பழுதானால் உதிரிப்பாகம் யார் தருவார்?" என்று கேட்க ஊருக்கு நாலு பேராவது இருந்திருக்க வேண்டும். அவர்களை எங்கே எடுப்பது? பதினோராம் ஆண்டில் இந்தப் பாடத்தைப் படித்தவர்களில்தான் எடுக்க வேண்டும். நாங்களும் அதைப் படித்தோம், "ஏ" எடுத்தோம், கேட்கவில்லை.

இன்னொரு பெரிய திட்டம், இன்னொரு மலிவுத் தகரம் நிச்சயமாக வரும்.

இந்தச் சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு மீதி டெஸ்க்குகளைச் செய்கிறோம். இருபத்தொன்று முடிந்தது, பதின்மூன்று இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தவில்லை, பாடநேரமும் இல்லை, ஆகவே அந்தக் குறையும் இல்லை. வெல்டிங் நானா வருவார். குரல் பதிவு போட்ட சகோதரரையும் அழைக்கிறோம், தேத்தண்ணி இருக்கும். ஆணிகள் வைத்த கிண்ணங்கள் ஆய்வுகூட யன்னலில் இன்னும் இருக்கின்றன, பார்த்துப்போகலாம்.

வருபவர்கள் வீட்டில் வயர் பிறஷ், சான்ட் பேப்பர் இருந்தால் எடுத்துவாருங்கள். பழைய இரும்பு எதையும் கொண்டுவர வேண்டாம்.